மெதுவான வீட்டு லேப்டாப்: கோளாறைக் கண்டுபிடித்து, வேகமாக்கி, காப்பாற்றும் முழு வழிகாட்டி

லேப்டாப் இழுக்க ஆரம்பித்ததும் சென்னை வீடுகளில் வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கும். இணையத்தில் தேடி ஏதாவது ஒரு 'பூஸ்டர்' மென்பொருளை இறக்குவார்கள். இல்லையென்றால் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கோ, பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்கோ தூக்கிக்கொண்டு போய், "ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடுங்க" என்பார்கள். முதல் வழி, ஏற்கெனவே இருக்கும் சுமையோடு இன்னொரு சுமையைச் சேர்க்கும். இரண்டாவது, சில வாரங்களுக்கு நன்றாக இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் உள்ளே ஹார்டு டிஸ்க் கெட்டுக்கொண்டிருந்தால், ஃபார்மட் அதை நிறுத்தாது. நடுவில் கல்யாண போட்டோக்கள் போனதுதான் மிச்சமாகும்.

எதனால் மெதுவாகிறது என்று தெரிந்துகொள்ள பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. விண்டோஸிலேயே அதற்கான கருவி இருக்கிறது, பார்க்கப் பத்து நிமிடம் போதும். இந்த வழிகாட்டி விண்டோஸ் 10, 11 உள்ள வீட்டு லேப்டாப்புகளுக்கானது. முதலில் நகல் எடுப்பது, பிறகு காரணத்தைக் கண்டுபிடிப்பது, பிறகு காசு செலவில்லாத வேலைகள், கடைசியில்தான் பர்ஸைத் திறப்பது என்ற வரிசையை மாற்றாதீர்கள். பாதுகாப்பையும் இதோடு சேர்த்தே பார்க்கப்போகிறோம். தேவையில்லாத மென்பொருள், திருட்டு விண்டோஸ், மூச்சு முட்டும் சூடு என லேப்டாப்பை மெதுவாக்கும் பல விஷயங்கள்தான் அதை ஆபத்திலும் தள்ளுகின்றன.

கை வைக்கும் முன் ஒரு நகல்

பழைய லேப்டாப் திடீரென்று மெதுவாவது பல நேரம் ஹார்டு டிஸ்க் கொடுக்கும் எச்சரிக்கை. கெட்டுப்போன ஓர் இடத்தை டிஸ்க் திரும்பத் திரும்பப் படித்துப் பார்ப்பதால்தான் ஒரு ஃபைலைத் திறக்க அவ்வளவு நேரம் ஆகிறது. அந்த நிலையில் 'கிளீன்' செய்வது, சிதறிக் கிடக்கும் டேட்டாவை வரிசைப்படுத்தும் டிஃப்ராக் ஓட்டுவது எல்லாம் அதை இன்னும் விரட்டி வேலை வாங்குவதுதான்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் என்ற நான்கு ஃபோல்டர்களையும் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பெரும்பாலானவர்கள் இதோடு நின்றுவிடுவார்கள். மறந்துபோகிற இடங்கள் வேறு: டி டிரைவில் 'நியூ ஃபோல்டர் 2' என்று கிடப்பவை, கடைக் கணக்கு வைத்திருந்தால் டேலி டேட்டா, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும்.

தமிழ் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் யூனிகோடு கிடையாது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுகளும் கலந்த கதம்பமாகத்தான் தெரியும். அப்பா எழுதி வைத்த குடும்ப வரலாறோ, குடியிருப்போர் சங்கத்தின் பழைய தீர்மானங்களோ இப்படி இருக்கலாம். சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று இருக்கும். அதிலிருந்து அந்த எழுத்துரு ஃபைல்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்த பிறகு தேடி அலைவது பெரிய தலைவலி.

முக்கியமான ஆவணங்களின் இன்னொரு நகல் வீட்டுக்கு வெளியே, அதாவது கிளவுடில் இருக்கட்டும். கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். ஜிமெயிலும் போட்டோஸும் அந்த 15-க்குள்தான் அடங்க வேண்டும். ஒன்டிரைவில் 5 ஜிபி. பத்திரம், மார்க் ஷீட், இன்ஷூரன்ஸ் தாள்களின் ஸ்கேன் நகல்களுக்கு இது தாராளம். வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் லேப்டாப்பும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த வீடுகளில் இரண்டும் ஒன்றாகத்தான் நனைந்தன.

காப்பி முடிந்ததும் எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வகை வைரஸ், செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும்.

கடைசியாக ஒரு சாவி. விண்டோஸ் 11 உள்ள புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கும். உங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கலாம். விண்டோஸுக்கு முன்பே எழும் பயாஸ் அமைப்பில் ஏதாவது மாற்றினாலோ, மதர்போர்டை மாற்றினாலோ 48 இலக்க பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்கும். அது இல்லாவிட்டால் டேட்டாவை யாராலும் எடுக்க முடியாது, கம்பெனியாலும் முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பகுதியில் அந்த எண்ணைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கட்டாயம் செய்ய வேண்டியது இது.

டாஸ்க் மேனேஜர் என்ன சொல்கிறது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். லேப்டாப் இழுத்துக்கொண்டிருக்கும்போதே இதைத் திறக்க வேண்டும். மேலே சிபியு, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் என்று சதவீதங்கள் ஓடும். எதுவும் திறக்காமல் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு அவற்றைப் பாருங்கள்.

டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது, ஆனால் அருகில் காட்டும் வேகம் நொடிக்கு இரண்டு மூன்று எம்பிதான் என்றால், ஹார்டு டிஸ்க்தான் காரணம். பழைய லேப்டாப்புகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் மேல் சொடுக்கினால் அது ஹார்டு டிஸ்க்கா, அதைவிட வேகமான புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியா என்றும் தெரிந்துவிடும்.

மெமரி சும்மா இருக்கும்போதே 80 சதவீதத்துக்கு மேல் போகிறதென்றால் ரேம், அதாவது அந்த மெமரி, போதவில்லை. 4 ஜிபி ரேமில் விண்டோஸ் 11 ஓடும் என்பது மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. அதில் குரோமில் நாலு டேபும் ஒரு ஆன்லைன் வகுப்பும் சேர்ந்தால் மூச்சு வாங்கும்.

சிபியு அதிகமாக ஓடினால், எந்த மென்பொருள் எடுக்கிறது என்று பட்டியலில் முதலில் இருப்பதைப் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டாகவோ, ஆன்டிவைரஸ் ஸ்கேனாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள், முடிந்ததும் அடங்கிவிடும். பெயரே புரியாத ஒன்று நாள் முழுக்க ஓடினால் அது வேறு கதை, பாதுகாப்புப் பகுதியில் பார்ப்போம்.

எந்தச் சதவீதமும் பெரிதாக இல்லை, ஆனாலும் இழுக்கிறது என்றால்? பெர்ஃபார்மன்ஸில் சிபியுவைத் திறந்து 'ஸ்பீட்' என்பதைப் பாருங்கள். 'பேஸ் ஸ்பீட்' 1.6 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் லேப்டாப், கனமான வேலையின்போதும் 0.5-ஐத் தாண்டவில்லையென்றால், அது சூட்டினால் தன்னைத் தானே அடக்கிக்கொண்டிருக்கிறது. சார்ஜர்கூடக் காரணமாகலாம். ஒரிஜினல் சார்ஜர் போய், வாட் குறைவான மலிவு சார்ஜர் போட்ட பிறகு வேகம் குறையும் லேப்டாப்புகள் உண்டு. மாற்றிப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அதே பக்கத்தில் 'அப் டைம்' என்று ஒன்று இருக்கும். பலருக்கு அங்கே பத்து நாள், இருபது நாள் என்று காட்டும். "தினமும் ஷட் டவுன் பண்றேனே!" என்பீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் செய்தாலும் அடிப்படை நிலையைச் சேமித்து வைத்து அதிலிருந்தே மறுபடி எழும். முழுமையாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான். வாரம் ஒரு முறை ரீஸ்டார்ட் கொடுங்கள். சிலருக்குப் பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

இன்னொரு குழப்பம், நெட் மெதுவாக இருப்பதை லேப்டாப் மேல் போடுவது. லேப்டாப் இருக்கும் அதே இடத்தில் போனிலும் அதே வைஃபையில் ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். அதுவும் சுற்றினால் லேப்டாப் நிரபராதி. ஹாலில் ரவுட்டர், இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டிக் கடைசி பெட்ரூமில் லேப்டாப் என்ற அமைப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தேய்ந்துவிடும். அங்கே ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறினால் வேகம் குறைவாக இருந்தாலும் அறுந்துபோகாது.

டிஸ்க் மேல் சந்தேகம் வந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்புகளை அது படித்துக் காட்டும். நீலத்தில் 'குட்' என்றால் கவலையில்லை. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், குறிப்பாக ரீஅலொகேட்டட் செக்டர், பெண்டிங் செக்டர் வரிகள் மஞ்சளாக இருந்தால், அந்த டிஸ்க்கை நம்பி இனி ஒரு போட்டோகூட வைக்காதீர்கள். மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு நேராக எஸ்எஸ்டி பகுதிக்குப் போய்விடலாம்.

காசு செலவில்லாத வேலைகள்

டாஸ்க் மேனேஜரிலேயே ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்ற பகுதி இருக்கிறது. விண்டோஸ் தொடங்கும்போதே கூடவே எழுந்துவிடும் மென்பொருள்களின் பட்டியல் அது. மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், டோரன்ட், பிரின்டர் உதவியாளர், ஒன்றுக்கு இரண்டாக அப்டேட்டர்கள் எல்லாம் அங்கே வரிசை கட்டியிருக்கும். தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். மென்பொருள் அழியாது, நீங்கள் திறந்தால்தான் திறக்கும், அவ்வளவுதான். டச்பேட், ஆடியோ, விண்டோஸ் செக்யூரிட்டி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் செட்டிங்ஸில் இன்ஸ்டால்டு ஆப்ஸ் போய், வாங்கியபோதே வந்த ட்ரையல் ஆன்டிவைரஸ், யாரும் விளையாடாத கேம், பேர் நினைவில்லாத வீடியோ கன்வர்ட்டர் ஆகியவற்றை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றைக் கட்டாயம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் மாறி மாறிச் சோதிப்பதில் லேப்டாப் படுத்துவிடும்.

சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். நிரம்பி வழியும் டிஸ்க்கில் விண்டோஸுக்குத் தற்காலிக ஃபைல்கள் வைக்கவும், அப்டேட் இறக்கவும் இடம் இருக்காது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போய் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்தால் குப்பையை அதுவே பார்த்துக்கொள்ளும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் அதன் கையில் கொடுக்காதீர்கள். இ-சேவை சான்றிதழ்களும் ஹால் டிக்கெட்டும் வீடுகளில் அங்கேதான் கிடக்கும்.

பிரவுசருக்குள் போய் எக்ஸ்டென்ஷன் பட்டியலைத் திறங்கள். கூப்பன் தேடுவது, பிடிஎஃப் மாற்றுவது, வீடியோ இறக்குவது என்று எப்போதோ சேர்த்தவை ஒவ்வொரு பக்கத்தையும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். விளம்பரத் தடுப்பானைத் தவிர மற்றவை அநேகமாக வேண்டியதில்லை. குரோமிலும் எட்ஜிலும் பயன்படுத்தாத டேபுகளைத் தூங்க வைக்கும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்துவிடுங்கள்.

அனிமேஷன்களை நிறுத்துவது, பவர் மோடை 'பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்' ஆக்குவது போன்றவை சிறு மாற்றம்தான் தரும். செய்யலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

செய்யவே கூடாதவை சில. ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், 'ஒரே கிளிக்கில் வேகம்' என்று வரும் எதையும் இறக்காதீர்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஆயிரம் பிழை இருப்பதாகக் காட்டிப் பணம் கேட்பதுதான் அவற்றில் பலவற்றின் தொழில். எஸ்எஸ்டி உள்ள லேப்டாப்பில் வெளி மென்பொருள் போட்டு டிஃப்ராக் செய்வதும் வீண், எழுதும் ஆயுள்தான் குறையும். விண்டோஸே அதற்கு வேண்டியதைப் பின்னணியில் செய்துகொள்கிறது.

கத்திரி வெயிலும் கடல் காற்றும்

சென்னையில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறையில் மதியம் லேப்டாப் ஓட்டுவது அதற்குக் கொடுக்கும் தண்டனை. உள்ளே இருக்கும் விசிறி அறையின் காற்றைத்தான் இழுத்துச் சூட்டைத் தள்ள முடியும். அறையே கொதித்தால் அது என்ன செய்யும்? சிபியு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் ஒழுங்காக ஓடி மதியம் மட்டும் இழுக்கும் லேப்டாப்புக்கு அநேகமாக இதுதான் காரணம்.

மெத்தையிலும் தலையணையிலும் வைத்தால் அடியில் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். மேசையில் வையுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல்கடை உயர்த்தினாலே வித்தியாசம் தெரியும், அதற்கு ஒரு மர ஸ்கேலோ பழைய புத்தகமோ போதும், கூலிங் பேட் வாங்க அவசரமில்லை.

பிரதான சாலையை ஒட்டிய வீடு, பக்கத்தில் மெட்ரோ வேலை அல்லது கட்டட வேலை என்றால் வருடத்துக்கு ஒரு தடவை தூசு எடுக்க வேண்டும். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பின் மூடியைத் திறக்கத் தெரிந்தால் திறந்து, விசிறி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு, கேனில் வரும் அழுத்தக் காற்றைச் சிறிது சிறிதாக அடியுங்கள். விசிறி தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம், நிலைமின்சாரம் பலகையைக் கெடுக்கலாம். நான்கைந்து வருடம் ஆன லேப்டாப் என்றால் சர்வீஸில் கொடுக்கும்போது தெர்மல் பேஸ்ட்டும் மாற்றச் சொல்லுங்கள். சிபியுவுக்கும் அதன் மேல் உள்ள செம்புத் தகட்டுக்கும் நடுவே இருக்கும் பசை காய்ந்துபோனால் சூடு வெளியேறாது.

பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு உப்புக் காற்று கூடுதல் தொல்லை. ரேமின் பொன்னிறத் தொடுமுனைகளில் படலம் படிந்து, லேப்டாப் திடீரென்று ஆன் ஆகாமல் போகும், அல்லது பீப் சத்தம் போடும். ரேமைக் கழற்றி வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள் இல்லாமல் சுத்தம் செய்து மாட்டினாலே எழுந்துவிடும் லேப்டாப்புகள் ஏராளம். மெக்கானிக் இதற்கு மதர்போர்டு விலை சொன்னால் வேறு கடை பாருங்கள்.

பேட்டரியை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, அதை அழுத்த முடியவில்லை, லேப்டாப் மேசையில் தட்டையாக உட்கார மறுக்கிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. உடனே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்துவது, குத்துவது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். எப்போதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பில், சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்துதான் இந்த நிலைக்குக் கொண்டுவருகின்றன. உங்கள் லேப்டாப் கம்பெனியின் ஆப்பில் சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் இன்றே ஆன் செய்யுங்கள்.

காசு செலவழிக்கப் போகிறீர்கள் என்றால்: எஸ்எஸ்டி

ஹார்டு டிஸ்க் உள்ள லேப்டாப்புக்கு ஒரே ஒரு செலவு செய்யலாம் என்றால் அது எஸ்எஸ்டிதான், வேறு யோசனையே வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5,400 தடவை சுழலும் தட்டின் மேல், இசைத்தட்டு முள் மாதிரி ஒரு கை நகர்ந்து நகர்ந்து டேட்டாவைத் தேட வேண்டும். ஒரே பெரிய ஃபைலைத் தொடர்ந்து படித்தால் நொடிக்கு 100 எம்பி போல வரும். ஆனால் விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வேண்டியிருக்கும். அங்கேதான் ஹார்டு டிஸ்க் ஒரு எம்பி வேகத்துக்கு இறங்கித் தவிக்கிறது. எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது. சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்கு 500 எம்பியைத் தொடும், குட்டி ஃபைல்களிலோ வித்தியாசம் பல மடங்கு.

வாங்கும் முன் உங்கள் லேப்டாப்பில் எது பொருந்தும் என்று தெரிய வேண்டும். பழையவற்றில் 2.5 அங்குல சாட்டா. அதற்குப் பிறகு வந்தவற்றில் எம்.2 என்ற சூயிங்கம் பட்டை அளவுள்ள ஸ்லாட். அந்த எம்.2-விலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு ரகம், பார்க்க ஒன்று போலவே இருந்தாலும் பல லேப்டாப்புகளில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது. லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணை எடுத்துக் கம்பெனி தளத்தில் தேடினால் கிடைக்கும். வீட்டுக்கு 512 ஜிபி வசதி, 256 ஜிபியும் ஒப்பேறும்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் வாங்குபவர்கள் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். பைக்கில் போய் பார்க்கிங் தேடி நொந்துபோக வேண்டாம். ஜிஎஸ்டி பில்லும், பில்லில் சீரியல் எண்ணும் கேளுங்கள். அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரன்டி காட்டுகிறதா என்று கடையில் நிற்கும்போதே போனில் பாருங்கள். நல்ல கம்பெனி எஸ்எஸ்டிகளுக்கு மூன்று அல்லது ஐந்து வருட வாரன்டி இருக்கும். பேர் கேள்விப்படாத ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தால், பாதி விலைக்குக் காரணம் இருக்கும்.

மாற்றுவதற்கு இரண்டு வழி. ஒன்று, இருப்பதை அப்படியே குளோன் செய்வது. யூஎஸ்பி-சாட்டா கேபிளில் புது எஸ்எஸ்டியைச் செருகி, அதன் தயாரிப்பாளர் இலவசமாகத் தரும் குளோனிங் மென்பொருளாலோ குளோன்சில்லாவாலோ பழையதைப் புதியதில் பதியலாம். அப்புறம் திருகுகளைக் கழற்றி இடம் மாற்றினால் வேலை முடிந்தது. பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால் மட்டுமே இந்த வழி. 'காஷன்' காட்டும் டிஸ்க்கைக் குளோன் செய்தால் பாதியில் நிற்கும்.

இரண்டாவது, புது எஸ்எஸ்டியில் விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவது. எனக்குப் பிடித்தது இதுதான். பல வருடக் குப்பை புது வீட்டுக்கு வராது. 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றும், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் போதும். விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்பில் லைசென்ஸ் மதர்போர்டோடு பிணைந்திருப்பதால், அதே பதிப்பை நிறுவினால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். இதைத் தெரியாமல்தான் பலர், ஒரிஜினல் விண்டோஸ் இருந்த லேப்டாப்பில் கடைக்காரர் போட்ட திருட்டு விண்டோஸோடு வீடு திரும்புகிறார்கள்.

கடையில்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் முடிந்தவரை எதிரில் உட்கார்ந்து செய்து வாங்குங்கள். மெயில், பேங்க் கணக்குகளிலிருந்து முன்பே வெளியேறிவிடுங்கள். முக்கியமாக, கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

ரேம் விஷயத்தில் சுருக்கமாக: 4 ஜிபி இருந்தால் 8 ஆக்குவது பலன் தரும், 8-இலிருந்து 16 எல்லா வீட்டுக்கும் தேவைப்படாது. டிடிஆர்3எல், டிடிஆர்4, டிடிஆர்5 ஒன்றுக்கொன்று பொருந்தாது. மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், டாஸ்க் மேனேஜர் நிஜமாகவே ரேம் பற்றாக்குறை என்று சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

வேகம் வந்த பிறகு காவல்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லேப்டாப் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. 8-வது அல்லது அதற்குப் பிந்தைய தலைமுறை இன்டெல் சிபியுவும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருந்தால் விண்டோஸ் 11-க்குப் போய்விடலாம், இலவசம்தான். இல்லாதவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டம் 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸ் பேக்கப்பை ஆன் செய்தால் பணம் கட்டாமலே சேர முடியும்.

வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸோடு வரும் டிஃபென்டரே போதும். காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்குவதைவிட, அந்தக் காசில் ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க் வாங்கலாம் என்பது என் கருத்து. ஆனால் டிஃபென்டரை அணைக்கச் சொல்லும் எதையும் நிறுவக் கூடாது. திருட்டு விண்டோஸ் ஆக்டிவேட்டரும், கிராக் செய்த போட்டோ எடிட்டிங் மென்பொருளும் முதலில் கேட்பதே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்யுங்கள்" என்றுதான். அப்படி வந்தவை பின்னணியில் யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருக்கலாம், உங்கள் பாஸ்வேர்டுகளை அனுப்பிக்கொண்டிருக்கலாம். முன்னே சொன்ன, பெயர் புரியாமல் நாள் முழுக்க சிபியுவைத் தின்னும் விஷயம் இந்த ரகமாக இருந்தால், டிஃபென்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று இருக்கிறது, அதை ஓட்டுங்கள். விண்டோஸ் எழும் முன்பே சோதிப்பதால் ஒளிந்திருப்பவையும் சிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் விண்டோஸை முழுக்க மறுபடி நிறுவுவதுதான் சரி.

ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவை நம்பாதீர்கள். ஃபைல்கள் எல்லாம் காணாமல் போய், ஒரே ஒரு ஷார்ட்கட் மட்டும் தெரிந்தால் அதைச் சொடுக்க வேண்டாம். ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டும்படி வைத்து, பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுத்தால் உள்ளே பெயரில்லாத ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அதைவிடச் சுலபம், பிரின்ட் எடுக்க வேண்டியதைக் கடையின் மெயிலுக்கு அனுப்பிவிட்டுப் பென் டிரைவை வீட்டிலேயே வைப்பது.

திரையின் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்" என்று அடிக்கடி வந்தால் அது பெரும்பாலும் வைரஸ் இல்லை, எப்போதோ ஒரு தளத்துக்கு 'அலோ' கொடுத்த நோட்டிஃபிகேஷன். பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலைத் திறந்து தெரியாத தளங்களை நீக்குங்கள். "உங்கள் லேப்டாப்பில் கோளாறு, எனிடெஸ்க் போடுங்கள்" என்று, தொலைவிலிருந்தே உங்கள் திரையை இயக்கும் மென்பொருளைப் போடச் சொல்லி போனில் யார் சொன்னாலும், எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும், வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்துப் புகார் கொடுக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு யூசர் கணக்கு போட்டுக் கொடுங்கள். கேம் ஏமாற்று மென்பொருள் எதை இறக்கினாலும் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் லேப்டாப் முழுக்கக் கைவைக்க முடியாது.

மின்சாரப் பக்கமும் கொஞ்சம் கவனம் வேண்டும். இடி இடிக்கும்போது சார்ஜரை பிளக்கிலிருந்தே உருவிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கரன்ட் போய் வரும்போது வரும் வோல்டேஜ் எகிறலுக்கு நல்ல ஸ்பைக் பஸ்டர் உதவும், பத்து ரூபாய் மல்டி பிளக் உதவாது. உலோக உடல் லேப்டாப்பைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால், மூன்று பின் சார்ஜரைச் சரியான எர்த் உள்ள பிளக்கில் போட்டுப் பாருங்கள். அப்போதும் இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதிக்க வேண்டும், அது லேப்டாப்பைவிடப் பெரிய விஷயம்.

மழைத் தண்ணீரோ காபியோ உள்ளே போய்விட்டால் உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கவிழ்த்து வடியவிட்டுச் சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். அரிசி மூட்டையில் புதைப்பது, ஹேர் டிரையர் அடிப்பது இரண்டும் வேண்டாம். 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யும்போதுதான் ஷார்ட் ஆகும்.

எதுவுமே ஒத்துவராத பழைய லேப்டாப்

2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த லேப்டாப்புகள் இன்னும் பல வீட்டுப் பரணில் இருக்கின்றன. அவற்றில் விண்டோஸ் 11-ஐ வலுக்கட்டாயமாகப் போடுவது வீண் வேலை. ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினால், 4 ஜிபி ரேமில் பாடம் படிக்க, மெயில் பார்க்க, கடிதம் தட்டச்சு செய்ய நன்றாகவே ஓடும், தமிழ்த் தட்டச்சும் உண்டு. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. நிறுவும் முன் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். டேலி மாதிரி விண்டோஸிலேயே ஓட வேண்டிய மென்பொருள் இருந்தால் மட்டும் இது சரிப்படாது.

மதர்போர்டு போய்விட்டது, கீலும் உடைந்துவிட்டது, திரையும் கோடு விழுகிறது என்றால் செலவை நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த லேப்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் முன் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளுங்கள், அல்லது ரீசெட்டில் எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வோடு 'கிளீன் டேட்டா'வையும் ஆன் செய்யுங்கள். வெறும் ஃபார்மட் செய்த ஹார்டு டிஸ்க்கிலிருந்து போட்டோக்களை மீட்பது சுலபம். கழற்றிய டிஸ்க் 'குட்' என்று காட்டினால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டு, இரண்டாவது பேக்கப்பாக வைத்துக்கொள்ளலாம். 'காஷன்' காட்டியதை டிரில்லரால் ஓட்டை போட்டுவிட்டுத்தான் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும். உப்பிய பேட்டரியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், சர்வீஸ் சென்டரிலோ அங்கீகாரம் பெற்ற இ-கழிவு சேகரிப்பாளரிடமோ கொடுங்கள்.